பின்பாரம்

1

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. பேசியவர் திருச்சியிலிருந்து வந்து, இங்கே மெல்பேர்னில் ஒரு வைத்தியசாலையில் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து நாங்கள் கூடுவது வழக்கம். அங்கே இரண்டு தரம் அவரைக் கண்டு கதைத்திருக்கிறேன்.

"சார், லீவுக்கு ஒரு கேரவன் வாங்கிட்டுக் கிளம்பலாம்னு இருக்கோம். என் கார் அதை இழுக்குமா? உங்களைக் கேட்டா சரியாச் சொல்வீங்கன்னாங்க."

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும், சில்லு வைத்த வீடு. கட்டில், மேசை, அடுப்பு, அலமாரி எல்லாம் அதற்குள் இருக்கும். கோடை விடுமுறை வந்தால் இந்த நாட்டுச் சனத்தில் பாதிப் பேர் இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள்.

டாக்டருக்கு விளக்கமாகச் சொன்னேன். கார் எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு சுமக்கும் என்பது வேறு கணக்கு. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதில் மாட்டுவார்கள். கரவனின் மூக்கு, அதாவது காரோடு கொழுவுகிற முன்முனை, காரின் பின்பக்கத்தில் அழுத்துகிற பாரம், உள்ளே இருக்கிற மனைவி பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாமே காரின் சுமையில்தான் சேரும். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டார்.

என் மனைவி புவனா கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சொன்னியளோ?"

"ஓம், ஒண்டும் விடாமல் சொன்னனான்."

"எங்களுக்கு நடந்ததைச் சொன்னியளோ எண்டு கேட்டனான்."

சொல்லவில்லை. நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கி அந்தக் கிழமையோடு ஆறு வருடம். அதற்காக அவள் பாயாசம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2

நான் சாவகச்சேரியில் பிறந்தவன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக அனுராதபுரத்தில் தொடங்கி, கொழும்பு, அம்பாறை, மறுபடி கொழும்பு, பிறகு ஆபிரிக்காவில் சாம்பியா என்று அலைந்தவன். ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும். புவனாவைக் கட்டிப் பதினைந்து வருடத்தில் பதினொரு வீடு மாறினோம். அவள் வீடுகளை எண்ணுவதில்லை. "ஆறாவது குசினியிலை யன்னல் இல்லை", "எட்டாவதிலை தண்ணி வராது" என்று குசினிகளைத்தான் எண்ணுவாள்.

மெல்பேர்னில் என் பட்டத்தை ஏற்கவில்லை. விண்ணப்பித்தேன். கூடுதல் அத்தாட்சி கேட்டார்கள், அனுப்பினேன். அத்தாட்சிக்கு அத்தாட்சி கேட்டார்கள். கடைசியில் ஒரு நகரசபையில் வரைபடம் கீறுகிற வேலை கிடைத்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்த ஒருவன் பாலத்துக்குக் கணக்குப் போடுவான், நான் கோடு போடுவேன். சில நாள் அவன் கணக்கில் பிழை இருக்கும். மெதுவாகச் சொல்லுவேன். "குட் ஓன்யா", அதாவது சபாஷ், என்று முதுகில் தட்டிவிட்டுப் போவான்.

புவனாவின் கதை என்னுடையதைவிட மோசம். கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் தாதியாக இருந்தவள் இங்கே மீண்டும் மாணவியானாள். தன்னில் பாதி வயதுப் பெட்டைகளோடு வகுப்பில் இருந்து, சோதனை எழுதி, எழுபத்தேழாம் ஆண்டுக் கடைசியில்தான் பதிவுப் பத்திரம் கையில் கிடைத்தது. மாசியில் பிரசவ வார்ட்டில் சிஸ்டராகச் சேர வேண்டும். அந்தப் பத்திரம் மெல்பேர்ன் இருக்கும் விக்ரோறியா மாநிலத்துக்கு மட்டும்தான் செல்லும். எல்லை தாண்டினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் வதனிக்கு அப்போது பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். சின்னவள் சுதாவுக்கு எட்டு. அவளுக்குத் தமிழில் கேட்டாலே முகம் சுருங்கும். வதனி ஐந்து பள்ளிக்கூடம் மாறியவள். இங்கே ஹெலன் என்று ஒரு சிநேகிதி கிடைத்த பிறகுதான் வீட்டில் வாய் திறந்து சிரிக்கத் தொடங்கினாள்.

அந்த வருடம் ஆவணியில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. கொழும்பில் இருந்த என் தம்பி குடும்பம் அகதிகளாய்க் கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது என்று கடிதம் வந்தது. இனி ஊருக்குத் திரும்புகிற எண்ணம் வேண்டாம் என்று அவன் எழுதியிருந்தான். அதை வாசித்த பிறகு ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருக்க என்னால் முடியவில்லை. பத்திரிகையில் கண்ட வேலைகளுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். கார்த்திகையில் மாநில எல்லைக்கு அப்பால் சிட்னியில், பரமட்டாவில் இருந்து பதில் வந்தது. பொறியியலாளர் பதவி. என் பட்டத்தை ஏற்கிறார்கள். தை நடுப்பகுதியில் சேர வேண்டும்.

சம்மதம் என்று அன்றைக்கே பதில் எழுதிப் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

3

"மூண்டு கிழமை சிட்னிப் பக்கம் சுத்திப் பாத்திட்டு வருவம்" என்றுதான் சொன்னேன். சிட்னியைக் கண்டால் அவர்களுக்குப் பிடித்துவிடும், அங்கே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

பக்கத்து வீட்டு ரொன் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. மனைவிக்கு முழங்கால் வருத்தம் வந்ததால் கரவனைக் கைவிட நினைத்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துக்கொண்டேன். பெயர் மாற்றப் போன கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள். 'வாகனம் வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் இடம்' என்ற வரியில் என் பேனை நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த பெண், "வீட்டு விலாசத்தை எழுதுங்கள், அவ்வளவுதான்" என்றாள். அந்தப் படிவத்திலேயே எனக்கு அதுதான் கஷ்டமான கேள்வி என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

ரொன் முதல்நாள் என்னிடம் கேட்ட கேள்வி, "உன் போல் எவ்வளவு?" போல் என்றால் பந்து, எந்தப் பந்து என்று எனக்கு விளங்கவில்லை. சுதா ஓடிப்போய்த் தன் ரெனிஸ் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு இருக்கும், அதன்மேல்தான் கரவனின் மூக்கு உட்காரும், அந்தக் குண்டில் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று கேட்கிறாராம்.

கணக்கில் இறங்கினேன். காரின் கையேட்டில் இறாத்தல் போட்டிருந்தது. கரவனின் தகட்டில் அந்தர், நம்மூர் வெங்காயச் சந்தையில் நிறுப்பார்களே அதே அந்தர். நாடு கிலோவுக்கு மாறி இரண்டு மூன்று வருடம் ஆகியும் எங்கள் வாகனங்கள் மாறவில்லை. எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவந்தேன். என் ஸ்டேஷன் வாகன் சுமக்கக்கூடியது நானூற்றைம்பது கிலோ.

குளியலறைத் தராசைக் கராஜுக்குக் கொண்டுவந்து எல்லாரையும் ஏற்றினேன். நான், புவனா, பிள்ளைகள், நான்கு பேரும் சேர்ந்து இருநூற்றொன்று. கொழுக்கி இரும்பு இருபத்தைந்து. காருக்குள் ஏற்ற வேண்டிய கூடாரம், ஐஸ்பெட்டி, உடுப்புப் பெட்டிகள் நூற்று அறுபது. கரவனின் மூக்குக்குக் கீழே தராசை வைத்துப் பார்த்தேன். நூற்று முப்பது. கூட்டினால் ஐந்நூற்றுப் பதினாறு. அறுபத்தாறு கிலோ கூட.

வதனி தராசிலிருந்து இறங்காமல் நின்றாள். ஆங்கிலத்தில் சொன்னாள்:

"என்னை ஹெலன் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நாற்பத்தேழு கிலோ குறையும். சுதாவின் பொம்மைகளையும் விட்டால் பிரச்சினை முடிந்தது."

"எல்லாரும்தான் போறம்" என்றேன்.

"ஏன்? மூன்று கிழமைதானே?"

புவனா என்னைப் பார்த்தாள். "அவள் கேக்கிறது நியாயந்தானே? விட்டிட்டுப் போனால் என்ன? ஹெலன்ரை அம்மா நல்ல மனிசி."

"இல்லை. குடும்பமாப் போறம்."

உண்மையில் மூக்கில் பாரம் கூடியதற்குக் காரணம் நான்தான். புவனாவும் பிள்ளைகளும் வெளியே போன நேரங்களில் கரவனின் முன் அலமாரியிலும் ஆசனத்துக்குக் கீழேயும் என் பொறியியல் புத்தகங்கள், கம்பளிப் போர்வைகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரங்கள், புவனாவின் பைல் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். லொறிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் கரவனைக் கொண்டுபோனபோது அங்கிருந்தவன், "மூன்று கிழமை விடுமுறைக்கா? உள்ளே செங்கல் ஏதும் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டான். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பெட்டிகளை வீட்டில் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புவனா கடைக்குப் போயிருந்த நேரம், எல்லாவற்றையும் கரவனின் பின்கோடிக்கு நகர்த்தினேன். சீசோவில் ஒரு பக்கம் பாரம் கூடினால் மறுபக்கம் எழும்பும் அல்லவா? மூக்கு எழும்பியது. தராசு ஐம்பது காட்டியது. காரின் சுமை நானூற்று முப்பத்தாறு. வதனிக்கு இடம் வந்துவிட்டது.

பின்பாரம் கூடிய கரவன் வேகத்தில் வாலாட்டும் என்று எனக்குத் தெரியும். பாரங்களைக் கணக்கிடுவதுதான் நான் படித்த படிப்பு. ரொன்னும் கரவனைப் பெண்ணாக்கிச் சொல்லியிருந்தார்: "அவள் வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கைத் தொடாதே." மெதுவாகப் போனால் சரி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

4

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்த அடுத்த நாள் காலை வெளிக்கிட்டோம். நல்ல வெயில். வடக்கே பழைய ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் போனால் பிரிட்டி சாலி என்று ஒரு மேடு வரும். ஏறும்போது கார் முக்கி முனகி ஏறியது. பின்னால் வாகனங்கள் வரிசை கட்டின. அவசரப்படாமல் இறங்கியிருக்க வேண்டும். பின்னால் வந்தவர்களுக்கு வெட்கப்பட்டு வேகத்தை விட்டேன். என் காரில் மைல், வீதிப் பலகையில் கிலோமீற்றர். எவ்வளவு வேகம் என்று யோசித்து முடிப்பதற்குள் ஒரு பெரிய லொறி எங்களை முந்தியது.

அதன் காற்று கரவனைத் தள்ளியது. கரவன் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. ஒவ்வொரு வீச்சிலும் காரின் பின்பக்கத்தைப் பிடித்து உலுப்பியது. கண்ணாடியில் கரவனின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் தெரிந்தது, பிறகு மற்றப் பக்கச் சுவர். சுதா கத்தினாள். புவனா திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி அவளின் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வதனி பின்னாலிருந்து, "அப்பா! பிரேக் வேண்டாம்! ரொன் சொன்னவர்!" என்று கத்தினாள். வேலிக்கு மேலால் நாங்கள் கதைத்ததைப் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்தேன். எதிரே வந்த ஒரு கார் ஓரத்துக்கு ஒதுங்கியது. இன்னும் நாலைந்து வீச்சு. பிறகு வேகம் குறைந்து, கரவன் சரளைக் கல் ஓரத்தில் சறுக்கி, ஒரு வேலிக்கட்டைக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது.

தூசி அடங்கும்வரை ஒருவரும் இறங்கவில்லை. கடைசியில் சுதாதான், "வீடு வந்திட்டுதோ?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

முந்திப்போன லொறியின் சாரதி கண்ணாடியில் கண்டு, நிறுத்திவிட்டு நடந்து வந்தார். சிவந்த முகம், அரைக் காற்சட்டை. எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, நலம்தானா என்று கேட்டார். பிறகு கரவனைச் சுற்றி நடந்து, மூக்கை ஒரு கையால் பிடித்து உயர்த்திப் பார்த்தார்.

"பின்னால் என்ன வைத்திருக்கிறாய், நண்பா? பாரத்தைச் சில்லின் அச்சுக்கு மேலே கொண்டுவா. இப்போதே இறக்கு, நான் கை தருகிறேன்."

நான் தடுப்பதற்குள் அவர் பின்கோடி அலமாரியைத் திறந்து முதல் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. புவனா வாங்கி வாங்கிச் சரளையில் வைத்தாள். ஒரு பெட்டியின் மூடி திறந்துகொண்டது.

"மார்கழி வெயிலுக்குள்ளை என்னத்துக்குக் கம்பளிப் போர்வை?"

அவள் அடுத்த பெட்டியைத் தானே திறந்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கைகள், பிறப்புச் சான்றுகள். அதற்குக் கீழே அவளுடைய நீலப் பைல். பைலைத் திறந்து, பதிவுப் பத்திரம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கை கொண்டு போறியள் எங்களை?"

சொன்னேன். பரமட்டா, வேலை, தை மாதம், எழுதிப் போட்ட சம்மதம், எல்லாவற்றையும் சொன்னேன். பாரத்தைப் பின்னுக்கு நகர்த்தியதையும் சொன்னேன். லொறிச் சாரதிக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் விசயம் விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் போய் நின்றார்.

"ஆடும் எண்டு தெரிஞ்சே பிள்ளையளை ஏத்தினியளோ?" என்று புவனா கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள், வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி திடீரென்று வந்து என் கையை நிறுத்தியிருக்கிறது.

வதனி ஆங்கிலத்தில் கேட்டாள்: "எங்களிடம் சொல்வதாகவே இருக்கவில்லையா?"

"சிட்னியிலை சொல்லுவம் எண்டு..."

அவள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாரதி திரும்பி வந்து பெட்டிகளைக் கரவனின் நடுவில் அடுக்கினார். பாதிப் புத்தகங்களைத் தன் லொறியில் ஏற்றி, வழியில் இருந்த சீமோர் என்ற ஊரின் கரவன் பார்க் வரை கொண்டுவந்து தந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

5

சீமோரில் கோல்பேர்ன் ஆற்றங்கரையில் ஐந்து நாள் இருந்தோம். சிட்னி என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்கள். புவனா சமைத்தாள், எனக்கும் போட்டாள், என்னோடு கதைக்கவில்லை. நான் கரையில் மேலும் கீழும் நடந்தேன். பக்கத்துக் கரவன்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்துத் தானும் குனிந்து தேடத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள் காலை அவளே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ. நீங்கள் போய் அந்த வேலையைச் செய்யுங்கோ."

"நீங்கள்?"

"நாங்கள் ரெயினிலை வீட்டை போறம். எனக்கு மாசியிலை வார்ட் இருக்கு. வதனிக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"நான் போகேல்லை, புவனா. திரும்பி எல்லாரும் வீட்டை போவம்."

"இல்லை. நீங்கள் இப்ப திரும்பினால், சாகுமட்டும் நான்தான் மறிச்சனான் எண்டு மனசுக்குள்ளை வைச்சிருப்பியள். அதை என்னாலை சுமக்கேலாது. போய்ப் பாருங்கோ. பாத்திட்டு வாறதெண்டால் வாங்கோ. எங்களுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ."

ரெயின் நிலையத்தில் சுதா கையசைத்தாள். வதனி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தனியே வடக்கே ஓட்டினேன். காருக்குள் நான் மட்டும். மூக்கில் சரியான பாரம், பின்னால் கனமில்லை. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, லொறிகள் முந்தின, கரவன் ஒரு நூல்கூட அசையவில்லை. அவ்வளவு சுகமாக அது ஓடியதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லை ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

6

பரமட்டாவுக்கு ரெயினில் போகக்கூடிய தூரத்தில் ஒரு கரவன் பார்க்கில் ஏழு மாதத்துக்கு மேல் இருந்தேன். கந்தோரில் என் அறைக் கதவில் பெயருக்குப் பின்னால் பொறியியலாளர் என்று எழுதியிருந்தார்கள். ஒரு சிறிய பாலத்துக்கு நானே கணக்குப் போட்டு, நானே கையொப்பம் இட்டேன். அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் மாதமே மதிய இடைவேளைகளில் பிரிஸ்பேன் பத்திரிகை வாங்கி வேலை விளம்பரம் பார்க்கத் தொடங்கியிருந்தேன். என்னைப் பிடித்த பேய், அவர்கள் என் பட்டத்தை ஏற்றாலும், இறங்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆவணி விடுமுறையில் வதனி தனியே ரெயினில் வந்தாள். என் கரவனுக்குள் ஏறி, நான் சமைத்த பருப்பை ருசி பார்த்து, உப்புப் போட்டாள். பிறகு தமிழில் பேசினாள். வழியெல்லாம் பாடமாக்கி வந்திருக்க வேண்டும்.

"அம்மா கேக்கச் சொன்னவ. நீங்கள் வாறியளோ, இல்லையோ? வராட்டி நாங்கள் கோவிக்க மாட்டம். ஆனா நீங்கள் சொல்ல வேணும்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் நான் அதற்கு முன் கேட்டதாக நினைவில்லை. அவளும் அதைக் கவனித்தாள். ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வந்தால் வீட்டில் வைத்துக் கோபிக்கலாம்."

"வாறன்" என்றேன். "கரவனை வித்துப்போட்டு வாறன்."

இன்றைக்கு நான் மெல்பேர்னில் மறுபடி கோடு போடுகிறேன். புவனா வார்ட்டில் மூத்த சிஸ்டர். வதனி பேசும்போது என்னைப் பார்க்கிறாள், எல்லா நாளும் இல்லை. கால் இன்னும் உளைகிறது. உளையும்போது, "புவனா, எனக்கு எங்கையாவது போக வேணும் போலை கிடக்கு" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகியிருக்கிறேன். "எங்கை?" என்று அவள் கேட்பாள். அநேகமாக எனக்குத் தெரிவதில்லை.

அன்றைக்குச் சிட்னியில் கரவனை வாங்க வந்தவர்கள் ஒரு இளம் சோடி. கணவன் குனிந்து சில்லைப் பார்த்தான், கொழுக்கியைப் பார்த்தான், கையேட்டைக் கேட்டான். அவன் காரின் சுமைக் கணக்கை இருவரும் சேர்ந்து போட்டோம், கச்சிதமாகப் பொருந்தியது. பாரத்தை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டிக்கொடுத்தேன். எல்லாம் முடிந்து கைகொடுக்க வந்தான்.

அவன் மனைவி கொஞ்சம் தள்ளிப் பூவரசம்பூ நிறத்தில் ஒரு தொப்பியோடு நின்றாள். அவளைக் கூப்பிட்டு, "நீங்கள் இருவரும் எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"டார்வின்" என்றாள் அவள்.

"பேர்த்" என்றான் அவன், அதே நேரத்தில்.

ஒன்று நாட்டின் வடக்கு முனை, மற்றது மேற்குக் கரை. இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் சாவியை என் கையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு கதிரையை வெளியே எடுத்துப் போட்டேன். "இருந்து கதையுங்கள். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன்" என்றேன்.